குதிரைக்குக் குளம்பே செருப்பு

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ என்ற இத்தாலிய வணிகர் பாண்டிய நாட்டுக்கு வந்தார். அப்போது அரேபியாவிலிருந்தும் பாரசீகக் கரையிலிருந்தும் கப்பலில் குதிரைகள் வந்தன. காயல் துறைமுகத்தில் அவை இறங்கின. பாண்டிய மன்னர்கள் பொன்னைக் கொட்டி அவற்றை வாங்கினார்கள்.

ஆனால் ஆண்டு முடிவதற்குள் பெரும்பாலான குதிரைகள் இறந்தன. ஏன் தெரியுமா? குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை. குதிரை வைத்தியர்களை இங்கே வர வணிகர்கள் விடவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரையை விற்க முடியும்! இப்படி மார்க்கோ போலோ எழுதியுள்ளார்.

இன்றும் குதிரையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குதிரைச் சவாரியே சிலருக்குச் சோறு போடுகிறது. குதிரை நொண்டினால் அன்றாட வருமானம் நின்றுவிடும். ஆகவே குளம்பைக் காக்கும் வழியைத் தெரிந்துகொள்வோம்.

குளம்பு என்பது என்ன?

குளம்பு நம் நகம் போன்றது. மாதத்திற்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். காலைத் தூக்கிப் பாருங்கள். ஓரத்தில் கெட்டியான சுவர் இருக்கும். அதற்குள் அடிப்பாதம் இருக்கும். பின்பக்கம் முக்கோண வடிவில் ரப்பர் போன்ற பகுதி இருக்கும். அது நடக்கும்போது அதிர்ச்சியைத் தாங்கும். குளம்புக்கு உள்ளே ரத்தமும் நரம்பும் உண்டு. ஆழமாக வெட்டினால் வலிக்கும், ரத்தம் வரும்.

லாடம் கட்டாயமா?

நாகப்பட்டினம் மாவட்டம் கோடியக்கரையில் குதிரைகள் காட்டில் திரிகின்றன. அவற்றிற்கு யாரும் லாடம் அடிப்பதில்லை. நடக்க நடக்கக் குளம்பு தானே தேய்கிறது. ஆனால் தார்ச்சாலையில் பாரம் இழுக்கும் குதிரைக்குக் குளம்பு வளர்வதைவிட வேகமாகத் தேயும். அதற்கு லாடம் தேவைப்படலாம். கொட்டிலிலேயே நிற்கும் குதிரைக்கோ குளம்பு தேயாது. வளர்ந்துகொண்டே போகும், விரிசல் விடும். அதைச் சீவ வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியது

குதிரைக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. பக்கவாட்டில் நின்று, தோளிலிருந்து காலை நோக்கித் தடவிக்கொடுத்துக் காலைத் தூக்குங்கள். கொக்கி போன்ற கருவியால் சாணத்தையும் கல்லையும் எடுங்கள். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கிளறுங்கள். முக்கோணப் பகுதியைக் குத்தாதீர்கள்.

சீவும் முறை

6 முதல் 8 வாரத்திற்கு ஒருமுறை சீவ வேண்டும். அதிகமாக வளர்ந்த சுவரை மட்டும் குறடால் வெட்ட வேண்டும். பிறகு அரத்தால் ராவிச் சமப்படுத்த வேண்டும். வெளி ஓரத்தைச் சற்று உருட்டிவிட்டால் விரிசல் விடாது. அடிப்பாதத்தைத் தோண்டக் கூடாது. புதிதாகக் கற்பவர் முதலில் சுத்தம் செய்து பழகட்டும். பிறகு லாடம் அடிப்பவரோ கால்நடை மருத்துவரோ பக்கத்தில் இருக்கும்போது அரம் பிடிக்கட்டும். ஒரே நாளில் அதிகம் வெட்டுவதைவிட, அடிக்கடி கொஞ்சமாக ராவுவதே நல்லது.

மழைக்காலத்தில்

கொச்சி, மட்டாஞ்சேரிப் பக்கம் ஜூன் மாதம் மழை தொடங்கும். மாதக்கணக்கில் பெய்யும். அப்படிப்பட்ட ஊர்களில் ஈரச் சாணத்தில் நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகும். கறுப்பாகக் கசியும், நாற்றம் அடிக்கும். கொட்டிலை மேடாகவும் உலர்ந்தும் வைத்திருந்தால் இதைத் தடுக்கலாம்.

தீனியிலும் கவனம் வேண்டும். தானியத்தை அளவுக்கு மீறிக் கொடுத்தால் குளம்பின் உள்ளே வீக்கம் வரும். குதிரை நடக்க மறுக்கும். குளம்பு சூடாக இருந்தாலோ, குதிரை நொண்டினாலோ உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

அன்று குதிரைக் கலையை வணிகர்கள் மறைத்து வைத்தார்கள். இன்று அதை எவரும் கற்கலாம். தினமும் சில நிமிடம் குனிந்து பார்த்தால் போதும். குதிரையின் காலும் குடும்பத்தின் பிழைப்பும் நிலைக்கும்.