துணை எரிபொருள் தாங்கி (பிக்கப் சுமையுந்து)

துணை எரிபொருள் தாங்கி என்பது பிக்கப் சுமையுந்தின் பின்புறத்திலுள்ள திறந்த சரக்குத் தட்டில் பொருத்தப்பட்டு, வண்டியின் முதன்மைத் தாங்கிக்குக் கூடுதல் எரிபொருளை வழங்கும் கொள்கலன் ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் டீசல் பிக்கப் வண்டிகளில் இதனைப் பரவலாகக் காணலாம். எஃகு அல்லது அலுமினியத் தகட்டினால் செய்யப்படும் இத்தாங்கி, ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி, தட்டின் முன்பகுதியில் குறுக்காக வைக்கப்படுகிறது. கருவிப் பெட்டி ஒன்றைத் தன் மேல் தாங்கிய வகைகளும் உண்டு.

தோற்றத்தில் இதையொத்த பரிமாற்றத் தாங்கி வேறு பயனுக்கு உரியது. வயல்களிலும் கட்டுமான இடங்களிலும் நிற்கும் இயந்திரங்களுக்கு எரிபொருள் கொண்டு செல்வதே அதன் வேலை. அதில் எக்கியும் கைப்பிடிக் குழாயும் இருக்கும். வண்டியின் எரிபொருள் அமைப்புடன் அதற்குத் தொடர்பு இராது.

பயன்பாடு

பெரிய டீசல் பிக்கப்களின் முதன்மைத் தாங்கி பொதுவாக 100 முதல் 180 லிட்டர் வரை கொள்ளும். வெறும் வண்டிக்கு இது போதுமானது. குதிரைகளை ஏற்றிய இழுவை வண்டியையோ வீட்டு வசதி கொண்ட இழுவை வண்டியையோ கட்டி இழுக்கும்போது எரிபொருள் செலவு ஏறத்தாழ இரு மடங்காகக்கூடும். கனடாவின் டாசன் கிரீக்கிலிருந்து அலாசுக்கா வரை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் நீளும் அலாசுக்கா நெடுஞ்சாலை போன்ற பாதைகளில் எரிபொருள் நிலையங்கள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளன. அங்கு துணைத் தாங்கி மிகவும் பயன்படுகிறது.

ஈர்ப்பு விசையால் எரிபொருள் வழங்கல்

துணைத் தாங்கி சரக்குத் தட்டின் மேலும், முதன்மைத் தாங்கி தட்டுக்குக் கீழும் உள்ளன. எனவே ஒரு குழாயால் இரண்டையும் இணைத்தாலே டீசல் தானாகக் கீழிறங்கும். முதன்மைத் தாங்கியின் நிரப்புக் குழாயை ஓரிடத்தில் வெட்டி, அங்கே 'டி' வடிவ இணைப்பு ஒன்றைச் செருகி, துணைத் தாங்கியின் அடியிலிருந்து வரும் குழாயை அதனுடன் சேர்ப்பது வழக்கம். எக்கியோ மின்கம்பியோ தேவையில்லை.

எளிமையான இந்த முறையின் இடர்ப்பாடு, ஓட்டம் தானாக நிற்பதில்லை என்பதே. ஒன்றோடொன்று இணைந்த கொள்கலன்களில் நீர்மம் ஒரே மட்டத்தை அடைய முயலும் என்பது பள்ளிப் பாடம். இங்கு மேலுள்ள தாங்கியின் மட்டம் முதன்மைத் தாங்கியின் நிரப்பு வாயைவிட உயரமாக இருக்கக்கூடும். தடுப்பு எதுவும் இல்லாவிட்டால், கீழ்த்தாங்கி நிரம்பியபின் டீசல் நிரப்புக் குழாயில் ஏறி, மூடியின் வழியாகவோ காற்றுப்போக்கியின் வழியாகவோ வெளியேறும். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்ற அளவில் கசிந்தாலும், இரவில் 8 மணி நேரம் நிறுத்தி வைத்த வண்டியிலிருந்து 240 லிட்டர் தரையில் கொட்டிவிடும்.

ஆதலால் இணைப்புக் குழாயில் தானியங்கி வால்வு ஒன்று அமைக்கப்படுகிறது. கீழ்த்தாங்கி நிரம்பி மட்டம் உயர்ந்ததும் அதிலுள்ள மிதவை எழுந்து வழியை அடைக்கும். மட்டம் தாழ்ந்தவுடன் வழி திறக்கும். சிறு துருத்துகள் ஒன்று இடையில் சிக்கினால் வால்வு முழுமையாக மூடாது. எனவே அதற்கு முன்னால் ஒரு வடிகட்டி தேவை. இத்துடன் துணைத் தாங்கியின் வாயிலேயே கையால் மூடும் வால்வு ஒன்றும் இருத்தல் வேண்டும். குழாய் அறுந்தால் தாங்கி முழுவதும் வடிந்து போகாமல் காப்பது இதுவே. முதன்மைத் தாங்கியில் பாதி தீர்ந்த பின்னரே இதனைத் திறப்பதும், வண்டியை நிறுத்தும்போது மூடிவிடுவதும் பாதுகாப்பான பழக்கங்கள்.

ஐக்கிய அமெரிக்காவின் வணிக வண்டிகளுக்கான விதிகள், ஈர்ப்பு விசையால் எரிபொருளை நேரடியாகக் கார்புரேட்டருக்கோ எரிபொருள் உட்செலுத்திக்கோ வழங்குவதைத் தடை செய்கின்றன. மேற்கூறிய முறையில் டீசல் முதன்மைத் தாங்கிக்குள்தான் விழுகிறது. எஞ்சினுக்கு நேரே செல்வதில்லை.

எக்கி முறை

சில அமைப்புகளில் மின் எக்கி பயன்படுகிறது. இரு தாங்கிகளின் மட்டத்தையும் உணரிகள் அளக்க, முதன்மைத் தாங்கி குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தவுடன் கட்டுப்பாட்டுக் கருவி எக்கியை இயக்குகிறது. விலை கூடுதல்.

பெட்ரோல் வண்டிகள்

ஈர்ப்பு முறை டீசலுக்கு மட்டுமே உரியது. டீசலின் தீப்பற்று வெப்பநிலை பொதுவாக 50 பாகை செல்சியசுக்கு மேல் உள்ளது. பெட்ரோலுக்கோ இது ஏறத்தாழ −40 பாகை. அதாவது, கடும் குளிரிலும் பெட்ரோலின் ஆவி தீப்பற்றக்கூடியது. மேலும், தற்காலப் பெட்ரோல் வண்டிகளில் ஆவி வெளியேறாதபடி அடைக்கப்பட்ட அமைப்பு உள்ளது. நிரப்புக் குழாயை வெட்டினால் அவ்வமைப்பு கெடும்.

பொருத்துதல்

தட்டில் துளையிடுவதற்கு முன் வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பது கட்டாயம். முதன்மைத் தாங்கி, பிரேக் குழாய்கள், மின்கம்பிகள் ஆகியவை பெரும்பாலும் தட்டின் தகட்டுக்குச் சில அங்குலங்களுக்குக் கீழேயே செல்கின்றன. மரையாணிகளுக்கு அடியில் தடித்த தகடுகள் வைக்கப்பட வேண்டும். மெல்லிய தட்டு மட்டும் திடீர் நிறுத்தத்தின் விசையைத் தாங்காது. குழாய் தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இடுவர். புகைபோக்கியின் அருகே குழாய் செல்லலாகாது. துத்தநாகம் பூசிய இணைப்புகள் டீசலுடன் வினைபுரிவதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

தாங்கியின் மூடியில் காற்றுப்போக்கி தேவை. அது அடைபட்டால் தாங்கியினுள் வெற்றிடம் தோன்றி ஓட்டம் நின்றுவிடும். எரிபொருள் வெப்பத்தால் விரிவடைய இடம் வேண்டும் என்பதால், வணிக வண்டிகளின் தாங்கிகளை 95 விழுக்காட்டுக்கு மேல் நிரப்ப இயலாதவாறு அமைக்க வேண்டும் என அமெரிக்க விதி கூறுகிறது. 400 லிட்டர் டீசல் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 6.6 லிட்டர் பெருகும்.

எடை

100 அமெரிக்கக் கேலன், அதாவது 378 லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 320 கிலோகிராம். தாங்கியின் எடை இதில் சேரவில்லை. ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டப்பட்டுள்ள சுமை வரம்பிலிருந்து இதனைக் கழித்த பின்னரே பிற சுமைகளைக் கணக்கிட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். தாங்கியைப் பின் அச்சுக்கு முன்னால் வைப்பதால் எடையின் ஒரு பகுதி முன் அச்சுக்கும் செல்கிறது. பாதி நிரம்பிய தாங்கியில் டீசல் அலைமோதி வண்டியை ஆட்டும் என்பதால் உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்கப்படுகின்றன.

சட்டமும் வரியும்

ஐக்கிய அமெரிக்காவில் 119 கேலனுக்கு, அதாவது 450 லிட்டருக்கு மேற்பட்ட கொள்கலனில் டீசலைச் சரக்காக எடுத்துச் சென்றால் கடுமையான இடர்ப்பொருள் விதிகள் பொருந்தும். சந்தையிலுள்ள பல பரிமாற்றத் தாங்கிகள் இவ்வளவை மீறாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

உழவுப் பயன்பாட்டுக்குரிய வரியில்லா டீசலுக்கு அங்கு சிவப்புச் சாயம் கலக்கப்படுகிறது. அதனைப் பொதுச் சாலையில் எரித்தால் 1,000 டாலர், அல்லது கேலனுக்கு 10 டாலர், இவற்றுள் எது அதிகமோ அது தண்டமாக விதிக்கப்படும். ஆகவே சாய டீசல் சுமக்கும் தாங்கியை முதன்மைத் தாங்கியுடன் இணைக்கக்கூடாது. பின்னர் கழுவினாலும் சாயத்தின் சுவடு எளிதில் போவதில்லை.