குளிர்ப்பெட்டிகளில் வாயுக் கசிவும் அதைத் தடுக்கும் முறையும்

பால், தயிர், மீன் முதலியவற்றை விற்கும் சிறு கடைக்காரர்கள், குளிர்ப்பெட்டி சரியாகக் குளிராதபோது மெக்கானிக்கை அழைத்து ‘கேஸ்’ நிரப்பிக்கொள்வது வழக்கம். சில மாதங்களில் அதே குறை தோன்ற, மீண்டும் வாயு நிரப்பப்படுகிறது. இவ்வழக்கம் கடைக்காரருக்கும் குடியானவருக்கும் ஒருங்கே கேடு விளைவிப்பதாகும்.

குளிர்விக்கும் வாயு, விளக்கெண்ணெய்போல் எரிந்து குறைவதன்று. அது மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றி, பெட்டியினுள் இருக்கும் உஷ்ணத்தை வெளியே கொண்டுவந்து விடுகிறது. ஆகையால், நன்றாக ஓடிவந்த பெட்டியில் வாயு குறைந்ததெனில், எங்கோ கசிவு உண்டென்பது திண்ணம். அதை அடைக்காமல் வாயு நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும். வாயு குறைந்த யந்திரம் ஓய்வின்றி ஓடுவதால் மின்சாரச் செலவு மிகும், பண்டமும் கெடும்.

வெளியேறிய வாயுவால் விளையும் தீங்கு இதனினும் பெரிது. கடைப்பெட்டிகள் பலவற்றில் உள்ள ஆர்-404ஏ என்னும் வாயுவில் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், 3,922 கிலோ கரியமில வாயுவுக்கு ஒப்பான வெப்பத்தைத் தேக்குகிறது. இது சுமார் 1,700 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். பூமியின் வெப்பம் மிகுந்தால் மழையின் போக்கு மாறும். அந்நஷ்டம் வயலையே முதலில் வந்து சேரும். இவ்வகை வாயுக்களைக் குறைக்க 2016-ல் கிகாலி நகரில் செய்யப்பட்ட உடன்படிக்கையை இந்தியா 2021-ல் ஏற்றது. அதன்படி 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047-ல் 85 சதவிகிதக் குறைவை எய்த வேண்டும்.

கடைக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. வாயுவுடன் யந்திர எண்ணெயும் கசியுமாதலால், குழாய் இணைப்புகளில் எண்ணெய்க்கறை உண்டா என்று பார்த்துவர வேண்டும்.

2. கறை கண்டால் மெக்கானிக்கைக் கொண்டு சோதிக்க வேண்டும். சோப்பு நீர் தடவிய இடத்தில் குமிழி எழுந்தால் அங்கே கசிவு உண்டு.

3. கசிவை அடைத்து, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்பினால் அகற்றிய பின்னரே, பெட்டியில் குறித்துள்ள எடைப்படி வாயுவை நிறுத்து நிரப்ப வேண்டும். பழைய வாயுவைக் காற்றில் திறந்துவிடலாகாது. உருளையில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

4. உறைந்த பனியைக் கத்தியால் சுரண்டலாகாது; குழாய் துளைபடும்.

5. புதிதாக வாங்குவோர், தீங்கு மிகக் குறைந்த ஆர்-290 என்னும் புரொப்பேன் வாயுப் பெட்டியை வாங்கலாம். இவ்வாயு தீப்பற்றும் இயல்புடையது. வேறு வாயுவுக்கென அமைந்த பழைய பெட்டியில் இதை நிரப்பலாகாது.

தனிக்கடை ஒன்று அடிக்கடி சோதனைச் செலவை ஏற்பது கடினம். கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும் முயன்று, கடைகள் பலவற்றைச் சேர்த்து, தேர்ந்த மெக்கானிக் ஒருவரை ஆண்டுக்கு இருமுறை வரவழைப்பின், செலவு பங்காகிக் குறையும், பண்டமும் வீணாகாது.