ஆவணங்களின் பூட்டை மாற்றுவது யார்?
குவாண்டம் கணினி வருமுன்னரே விழிக்க வேண்டிய அரசு அலுவலகங்கள்

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரின் பாளையம் பகுதியிலும் டெக்னோபார்க் வளாகத்திலும் மாநில அரசின் தரவு மையங்கள் இயங்கி வருகின்றன. அரசுத் துறைகளின் கணினிச் சேவைகள் பல இவற்றை நம்பியே நடைபெறுகின்றன. உள்ளாட்சி அமைப்புகளின் பணிகளை இணையவழிக்குக் கொண்டுவந்த ‘கே-ஸ்மார்ட்’ திட்டம் 2024 ஜனவரி 1 முதல் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும், 2025 ஏப்ரல் முதல் கிராமப் பஞ்சாயத்துகளிலும் நடைமுறைக்கு வந்துள்ளது. பிறப்புச் சான்றிதழுக்காக அலுவலகப் படியேறிய காலம் மறைந்து, டிஜிட்டல் கையொப்பமிட்ட சான்றிதழ் வீடு தேடி வரும் காலம் பிறந்திருக்கிறது.

இந்தச் சேவைகளுக்கெல்லாம் காவலாக நிற்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு சங்கேதப் பூட்டு. எந்தக் கணக்கின் கடினத்தை நம்பி அந்தப் பூட்டு செய்யப்பட்டதோ, அந்தக் கணக்கைக் குவாண்டம் கணினி விரைவில் தீர்த்துவிடும் என்பது 1994-ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டுவிட்டது. அவ்வளவு ஆற்றல் வாய்ந்த கணினி உலகில் எங்கும் இன்னும் உருவாகவில்லை என்பது உண்மையே. ஆனால் அது உருவான பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணமே மிகப் பெரிய ஆபத்து என வல்லுநர்கள் எச்சரித்து வருகின்றனர்.

கணக்கில் இருக்கிறது காவல்

இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணை மட்டும் கொடுத்து, அந்த இரண்டு எண்களும் எவை எனக் கேட்டால் கண்டுபிடிப்பது மிகக் கடினம். இந்த எளிய உண்மையின் மீது ரிவெஸ்ட், ஷமீர், அடில்மேன் ஆகிய மூவரும் 1977-ல் அமைத்ததே ‘ஆர்.எஸ்.ஏ.’ என்னும் பொதுத் திறவுகோல் முறை. இன்று பரவலாகப் பயன்படும் 2048 பிட் திறவுகோல் என்பது 617 இலக்கங்கள் கொண்ட ஓர் எண். அதைப் பகுத்துப் பார்க்க இன்றைய கணினிகளுக்கு மனித ஆயுள் போதாது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பீட்டர் ஷோர் என்னும் கணித அறிஞர், குவாண்டம் இயற்பியலின் விதிகளைக் கொண்டு இயங்கும் கணினி இந்தப் பகுப்பை விரைவாகச் செய்துவிடும் என்பதை 1994-ல் நிறுவினார். எலிப்டிக் வளைவரைகளை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு பூட்டும் அதே வழியில் உடைந்துவிடும். வங்கிப் பரிமாற்றம், பாதுகாப்பான இணையதளம், டிஜிட்டல் கையொப்பம், ஆதார் சரிபார்ப்பு ஆகிய அனைத்திலும் இவ்விரு முறைகளில் ஒன்று இடம் பெற்றுள்ளது. அனுப்புபவரும் பெறுபவரும் ஒரே திறவுகோலைப் பகிர்ந்துகொள்ளும் பழைய வகைப் பூட்டுகளுக்கு இந்த அளவு ஆபத்து இல்லை. திறவுகோலின் நீளத்தைக் கூட்டினால் போதும்.

2048 பிட் பூட்டை உடைக்க ‘க்யூபிட்’ எனப்படும் குவாண்டம் அலகுகள் 2 கோடி தேவை, வேலை 8 மணி நேரத்தில் முடியும் என 2019-ல் ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். அவர்களுள் ஒருவரான கூகுள் நிறுவனத்தின் கிரெய்க் கிட்னி, 10 லட்சத்துக்கும் குறைவான க்யூபிட்டுகளே போதும், ஒரு வாரத்துக்குள் முடித்துவிடலாம் என 2025 மே மாதம் திருத்திக் கூறினார். கூகுள் 2024 டிசம்பரில் அறிவித்த ‘வில்லோ’ சில்லில் இருந்தவை 105 க்யூபிட்டுகள் மட்டுமே. 105-க்கும் 10 லட்சத்துக்கும் இடையே நெடுந்தொலைவு இருக்கிறது. எனினும் இயந்திரம் ஒருபுறம் வளர, அதற்குத் தேவைப்படும் அளவு மறுபுறம் குறைந்து வருவதைப் புறக்கணிக்க இயலாது.

இன்று அறுவடை, நாளை திறப்பு

பூட்டிய பெட்டியை இன்று திருடி வைத்துக்கொண்டு, சாவி கிடைக்கும் நாளுக்காகக் காத்திருப்பது திருடனுக்குக் கடினமன்று. கடலடிக் கம்பிகளின் வழியே செல்லும் தகவல்களை வல்லரசுகளின் உளவு அமைப்புகள் மொத்தமாக அள்ளுகின்றன என்பதை 2013-ல் எட்வர்டு ஸ்னோடன் உலகுக்கு அம்பலப்படுத்தினார். அவ்வாறு சேமித்து வைக்கப்பட்டவை பத்தாண்டுகள், பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திறக்கப்படலாம்.

கனடாவைச் சேர்ந்த கணித அறிஞர் மிக்கேல் மோஸ்கா இதற்கு ஓர் எளிய கணக்கை வகுத்துள்ளார். ஒரு தகவல் எத்தனை ஆண்டுகள் இரகசியமாக இருக்க வேண்டும் என்பதையும், பூட்டுகளை மாற்ற எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதையும் கூட்ட வேண்டும். குவாண்டம் கணினி வர எடுக்கும் ஆண்டுகளைக் காட்டிலும் அந்தக் கூட்டுத்தொகை அதிகமானால் காலம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்பதே பொருள்.

இந்தக் கணக்கைத் திருவனந்தபுரத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் மண்டலப் புற்றுநோய் மையமும் இந்நகரில் உள்ளன. தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர். இளம் வயதில் சிகிச்சை பெற்ற ஒருவரின் மருத்துவக் குறிப்பு அவரது வாழ்நாள் முழுவதும் மறைவாக இருக்க வேண்டியது. 50 ஆண்டு இரகசியத்துக்கு 10 ஆண்டுப் பூட்டு போதாது.

மருத்துவத் தகவல் எத்துணை அரசியல் கொதிப்பை உண்டாக்கும் என்பதைக் கேரளம் அறியும். கொரோனா காலத்தில் ‘ஸ்பிரிங்ளர்’ என்னும் அமெரிக்க நிறுவனத்துடன் மாநில அரசு செய்துகொண்ட ஒப்பந்தம் பெரும் சர்ச்சையாக வெடித்தது. நோயாளிகளின் அடையாளத்தை நீக்கிய பின்னரே தகவல்களை அந்நிறுவனத்துக்கு வழங்க வேண்டும் என 2020 ஏப்ரலில் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் இறுதியில் மண்டலப் புற்றுநோய் மையத்தின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, கதிர்வீச்சுச் சிகிச்சை சில நாட்கள் தடைப்பட்டது. இவற்றுக்கும் குவாண்டம் கணினிக்கும் தொடர்பில்லை. ஆயினும் இன்றைய ஆபத்துகளுக்கே ஈடுகொடுக்கத் தடுமாறும் அமைப்புகள் நாளைய ஆபத்துக்கு எவ்வாறு ஆயத்தமாகும் என்னும் கேள்வியை இவை எழுப்புகின்றன.

இரகசியம் வெளியாவதைக் காட்டிலும் கொடிது போலிக் கையொப்பம். நில ஆவணங்கள் அரசுகளைவிட நீண்ட ஆயுள் கொண்டவை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணைந்தது. திருவிதாங்கூர் காலத்துப் பத்திரங்களுக்கு இருந்த மதிப்பு அதனால் அற்றுப் போய்விடவில்லை. இன்று டிஜிட்டல் கையொப்பத்துடன் வழங்கப்படும் ஆவணமும் அதே அளவு நீண்டு நிலைக்க வேண்டும். கையொப்பத்தின் பூட்டு உடைந்துவிட்டால், உண்மையான ஆவணம் எது, முன்தேதியிட்டுப் புனையப்பட்டது எது என்பதை நீதிமன்றம் எதைக் கொண்டு தீர்மானிக்கும்?

புதிய பூட்டுகள் ஆயத்தம்

மாற்று வழி இல்லாமல் இல்லை. குவாண்டம் கணினியாலும் எளிதில் தீர்க்க இயலாத கணக்குகளைக் கொண்ட பூட்டுகளுக்காக, ‘நிஸ்ட்’ என்னும் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2016-ல் உலக அறிஞர்களுக்கு அழைப்பு விடுத்தது. எட்டு ஆண்டுகள் நடந்த சோதனைக்குப் பின்னர் 2024 ஆகஸ்ட் 13-ல் மூன்று புதிய தரங்களை வெளியிட்டது. இவற்றுள் ஒன்று திறவுகோலைப் பரிமாறிக்கொள்ளவும், மற்ற இரண்டு கையொப்பத்துக்கும் உரியவை. இவை சாதாரணக் கணினிகளிலேயே இயங்கும் மென்பொருள்கள். குவாண்டம் கருவி எதுவும் தேவையில்லை.

இந்தப் போட்டியில் நெடுந்தொலைவு வந்த ‘சைக்’ என்னும் முறை, 2022-ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவரால் சாதாரணக் கணினி ஒன்றில் சுமார் ஒரு மணி நேரத்தில் உடைக்கப்பட்டது. எனவேதான் பழைய பூட்டையும் புதிய பூட்டையும் சேர்த்தே மாட்டும் இரட்டை முறையைப் பலர் கையாள்கின்றனர். ஒன்று உடைந்தால் எஞ்சியிருப்பதை எளிதில் மாற்றிக்கொள்ளும் வகையில் அமைப்புகளை வடிவமைப்பதும் அவசியமாகிறது.

இடர்ப்பாடு அளவில் இருக்கிறது. 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. கையொப்பத்துக்கு 256 பைட் இடம் போதும். புதிய தரமொன்றின் நடுத்தர வகைக்கு 3,309 பைட் தேவை. பெரிய சர்வர்களுக்கு இது சுமையன்று. ஸ்மார்ட் அட்டை, மின் அளவி போன்ற சிறு கருவிகளுக்கு இது பெரும் சுமை. செயற்கைக்கோள்களின் நிலை இன்னும் கடினம். விண்ணில் 15 ஆண்டுகள் சுழலப் போகும் கோளின் கருவியை இடையில் மாற்ற இயலாது. தும்பாவில் 1963-ல் முதல் ராக்கெட்டை ஏவிய இந்நகரம் இதனை நன்கறியும்.

தில்லியின் அறிவிப்புகள்

மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரல் 19-ல் தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒப்புதல் அளித்தது. குவாண்டம் தகவல் தொடர்புக்கான மையப் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கு வழங்கப்பட்டுள்ளது. 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குப் பாதுகாப்பான குவாண்டம் இணைப்பை ஏற்படுத்துவது இலக்குகளுள் ஒன்று. இது பெருமைக்குரிய ஆராய்ச்சி. ஆனால் தனிக் கருவிகளும் கண்ணாடி இழைகளும் வேண்டும் அந்த இணைப்பு, கேரளத்தின் 941 கிராமப் பஞ்சாயத்துகளுக்கும் சென்று சேரும் என எதிர்பார்க்க முடியாது. பஞ்சாயத்து அலுவலகத்தைக் காக்கப் போவது மென்பொருள் மாற்றமே.

அந்தத் திசையிலும் சில அடிகள் எடுத்து வைக்கப்பட்டுள்ளன. மென்பொருள்களில் எந்தெந்தச் சங்கேத முறைகள் உள்ளன என்பதற்குத் தனிப் பட்டியல் தயாரிக்கும் வழிகாட்டுதலை, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ 2025 ஜூலையில் வெளியிட்டது. தொலைத்தொடர்புப் பொறியியல் மையமும் அதே ஆண்டில் அறிக்கை அளித்தது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, நிதியோடும் காலக்கெடுவோடும் வரும் ஆணை வேறு.

பிரிட்டன் 2028, 2031, 2035 என மூன்று படிகளாக நாள் குறித்திருக்கிறது. அமெரிக்க மத்திய அரசுத் துறைகளின் மாற்றத்துக்கு மட்டும் 2025 முதல் 2035 வரை 710 கோடி டாலர் ஆகும் என வெள்ளை மாளிகை 2024-ல் மதிப்பிட்டது. இந்தியாவில் நிலப் பதிவும் சுகாதாரமும் உள்ளாட்சியும் மாநிலங்களின் கையில் இருக்கின்றன. அதாவது நீண்ட ஆயுள் கொண்ட ஆவணங்களின் பெரும்பகுதி மாநிலங்களிடம் உள்ளது. டிஜிட்டல் கையொப்பத்துக்கு உரிய தரத்தை வகுக்கும் அதிகாரமோ, 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் உள்ளது. தில்லி தரத்தை மாற்றாமல் மாநிலம் கையொப்பத்தை மாற்ற முடியாது. தில்லி மாற்றினாலோ அதன் செலவு மாநிலத்தின் தலையில் விழும். இதனைத் தீர்க்காமல் எந்தக் காலக்கெடுவும் பயன் தராது.

கேரளத்தின் பழைய முடிவு

இந்த இக்கட்டில் கேரளத்துக்குக் கைகொடுப்பது இருபதாண்டுகளுக்கு முந்தைய ஓர் அரசியல் முடிவு. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் இந்தியப் பிரிவு 2001 ஜூலையில் ரிச்சர்டு ஸ்டால்மன் முன்னிலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. பின்னர் அரசுப் பள்ளிகளின் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. கட்டற்ற மென்பொருளுக்கென ‘ஐசிபாஸ்’ என்னும் தன்னாட்சி நிறுவனத்தையும் மாநில அரசு இந்நகரில் அமைத்தது. அப்போது உரிமக் கட்டணம் மிச்சம் என்பது ஒரு வாதமாகவும், அந்நியச் சார்பு குறையும் என்பது மற்றொரு வாதமாகவும் முன்வைக்கப்பட்டன.

இன்று மூன்றாவது வாதமும் சேர்ந்திருக்கிறது. இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாக விளங்கும் ‘ஓப்பன் எஸ்.எஸ்.எல்.’ என்னும் கட்டற்ற மென்பொருளில் 2025 ஏப்ரலிலேயே மூன்று புதிய தரங்களும் சேர்க்கப்பட்டுவிட்டன. மூலநிரல் கையில் இருந்தால், உள்ளே எந்தப் பூட்டு உள்ளது என்பதைப் பார்க்கலாம், தேவைப்படும்போது மாற்றலாம். மூடிய மென்பொருளை வாங்கியவர், விற்றவர் மாற்றித் தரும் வரை காத்திருக்க வேண்டும். 2024 ஜூலையில் ஒரே ஒரு தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டதால், நாடு முழுவதும் சுமார் 300 சிறு வங்கிகளின் பணப்பரிமாற்றம் முடங்கியதை மறப்பதற்கில்லை. கூட்டுறவு வங்கிகள் வேரூன்றிய கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் அது ஒரு பாடம்.

அறிவாற்றலுக்கும் இங்கு குறைவில்லை. வெள்ளையம்பலத்தில் உள்ள மத்திய அரசின் ‘சி-டாக்’ மையம் ‘வேகா’ என்னும் உள்நாட்டுச் செயலியை வடிவமைத்தது. கணினிக் குற்றத் தடயவியலிலும் பெயர் பெற்றது. சென்னை தரமணியில் உள்ள ‘செட்ஸ்’ நிறுவனம் சங்கேத முறை ஆய்வில் ஈடுபட்டுள்ளது. இந்த அறிவு பஞ்சாயத்து அலுவலகத்துக்கும் கூட்டுறவு வங்கிக்கும் சென்று சேரும் வழிதான் வகுக்கப்பட வேண்டும்.

முதல் வேலைக்குக் குவாண்டம் இயற்பியல் தேவையில்லை. எந்தத் துறையில், எந்தக் கணினியில், எந்தப் பூட்டு உள்ளது, அது காக்கும் ஆவணம் எத்தனை ஆண்டுகள் நிலைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதினால் போதும். அடுத்து, இனி வாங்கும் எந்த மென்பொருளிலும் பூட்டை மாற்றும் வசதி இருக்க வேண்டும் என டெண்டர் விதிகளில் ஒரு வரி சேர்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் தலைமைச் செயலகத்தின் ஓர் ஆணையே போதுமானது. அதற்கு அடுத்த கட்டமான தரத் திருத்தமும் நிதிப் பங்கீடும் தில்லியின் பொறுப்பு. மாநிலங்கள் இப்போதே கேட்காவிட்டால், சேமித்து வைத்த பெட்டிகள் திறக்கப்படும் நாளில் கேட்டுப் பயனில்லை.