ஒரு வாக்கியத்தின் பதவுரை

"சொல் விளங்குகிறது, ஐயா, பொருள்தான் விளங்கவில்லை."

சென்ற தவணையில் மாணவன் ஒருவன் என்னிடம் இவ்வாறு கூறினான். அவன் கையில் இருந்தது இலக்கண நூலன்று, விஞ்ஞான நூல். 'அடைபட்ட திரவமொன்றிற் பிரயோகிக்கப்படும் அமுக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கடத்தப்படும்' என்னும் வாக்கியத்துக்கு உரை கேட்டு வந்திருந்தான். எழுவாய் பயனிலை காட்டினேன், பதம் பிரித்தேன். அதன் பின்னரே அவன் மேற்கண்டவாறு சொன்னான். தமிழ் கற்பித்து முதிர்ந்த எனக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. தமிழில் எழுதிய வாக்கியமொன்றைப் பொருளுணராது ஒரு பிள்ளை மனனஞ் செய்யுமாயின், அக்குற்றத்திலே தமிழாசிரியனுக்கும் பங்குண்டன்றோ? ஆதலின் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் யானே மாணவனாய் அமர்ந்து கேட்டேன். கேட்டும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுப் பதவுரையாகத் தருகின்றேன்.

முதலில் 'அமுக்கம்' என்பதை நோக்குவோம். விசை வேறு, அமுக்கம் வேறு. ஒரு பரப்பைச் செங்குத்தாகத் தாக்கும் விசையை அப்பரப்பின் அளவால் வகுத்து வருவதே அமுக்கம். மழுங்கிய கத்தியில் வீணாகும் அதே கைவலிமை, தீட்டிய கத்தியிற் காயை அரிகின்றது. வலிமை மாறவில்லை, அது தங்கும் இடமே சுருங்கியது. நிலைத்து நிற்கும் நீரின் அமுக்கமோ ஆழத்தோடு வளர்வது. ஆழம் ஓரடி கூடுந்தோறும் சதுர அடிக்கு ஏறத்தாழ 62 இறாத்தல் கூடும். நீர்ப்பரப்பின் அகலம் இக்கணக்கிற் புகுவதில்லை. பத்தடி ஆழமுள்ள கிணற்றின் அடியிலும், அதே ஆழமுள்ள பெருங்குளத்தின் அடியிலும் நீர் தரும் அமுக்கம் ஒன்றே. குளக்கட்டின் அடி அகன்றிருத்தற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது 'சமமாக' என்பது. இதன் பெருமையை உலகுக்குக் காட்டியவர் பிரான்சு தேசத்து அறிஞர் பிளேஸ் பஸ்கால். அவர் 1662இல் மறைந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவரது நூல் மறுவருடம் அச்சேறியது. நீர் நிறைந்த ஒரு பாத்திரத்தில் இரண்டு வாயில்கள்; ஒன்று மற்றையதிலும் நூறு மடங்கு பெரியது; ஒவ்வொன்றிலும் பொருத்தமான முசலம் ஒன்று. சிறியதை ஒருவன் அழுத்தினால், பெரியதை அழுத்தும் நூறு பேருக்கு அவன் ஈடாவான் என்று பஸ்கால் விளக்கினார். முசலம் என்பது உலக்கை. இங்கே குழாயினுள் ஏறியிறங்கும் தண்டைக் குறிக்கும். ஒரு சதுர அங்குல முசலத்தில் 10 இறாத்தல் விசை கொடுப்பின், 100 சதுர அங்குல முசலம் 1,000 இறாத்தலைத் தாங்கும்.

இது மாயமோ எனின், அன்று. இயற்கை கடனும் கொடாது, தானமும் செய்யாது. பெரிய முசலம் ஓரங்குலம் உயர வேண்டுமாயின், சிறியது நூறு அங்குலம் இறங்க வேண்டும். விசையிற் பெற்றதைத் தூரத்திற் செலுத்தித் தீர்க்கின்றோம். செய்த வேலை இருபுறமும் ஒன்றே. உராய்வுக்குக் கொடுக்கும் சிறு வரி அதனிற் குறையும்.

'அடைபட்ட' என்னும் அடைமொழி அணிக்காக வந்ததன்று. பஸ்காலின் கருத்தை வலிய இயந்திரமாக்கி ஆக்கவுரிமை பெற்றவர் ஆங்கிலேயராகிய ஜோசப் பிராமா, ஆண்டு 1795. பூட்டுச் செய்வதிலே புகழ் பெற்ற அவருக்கும் நீரைப் பூட்டி வைத்தல் எளிதாகவில்லை. முசலத்தைச் சுற்றி இறுக அடைத்தால் அது நகராது. தளர விட்டால் நீர் கசியும், அமுக்கம் கெடும். மடித்த தோல் வளையமொன்று இச்சிக்கலைத் தீர்த்தது. நீரே அம்மடிப்பினுட் புகுந்து தோலை முசலத்தோடு ஒட்ட வைக்கும். அமுக்கம் மிகுந்தால் இறுகும், தணிந்தால் தளரும். இவ்வுபாயம் அவருடைய பட்டறையில் வேலைசெய்த ஹென்றி மோட்ஸ்லியுடையது என்பர். கசிய முயலும் நீரையே காவலாக்கிய நுட்பம் அது.

'எல்லாத் திசைகளிலும்' என்ற தொடரே இவ்வாக்கியத்தின் உயிர். அதற்கு உரை எழுதியது ஒரு விபத்து. வேல்ஸ் நாட்டையும் அங்கிள்சீ தீவையும் பிரிக்கும் மெனாய் நீரிணையின் மேல், புகையிரதம் உள்ளே ஓடத்தக்க இரும்புக் குழல்களாலான பிரித்தானியா பாலத்தை றொபேட் ஸ்டீவன்சன் அமைத்தார். பெருங்குழல் ஒவ்வொன்றும் 1,500 தொன்னுக்குக் குறையாத பாரம். அவற்றை நீரில் மிதக்கவிட்டுக் கொணர்ந்து, நீரியல் அழுத்திகளால் நூறடிக்கு மேல் உயர்த்தினர். ஒரு முறைக்கு ஆறடியே ஏறும். குழல் ஏற ஏற, அதன் அடியில் இடைவெளி விடாது முட்டுக் கொடுத்து வருதல் வேண்டும் என்பது ஸ்டீவன்சனின் கண்டிப்பான கட்டளை.

1849 ஆகஸ்டில், குழலொன்றை உயர்த்துகையில், அழுத்தியின் அடிப்பாகம் பிளந்து வீழ்ந்தது. முசலத்தை மேலே தள்ளிய அதே அமுக்கம், உருளையின் அடியைக் கீழேயும் தள்ளிக்கொண்டிருந்தது. நமக்கு வேண்டிய திசையில் மட்டும் நீர் தள்ளுவதில்லை; தன்னைச் சிறைவைத்த சுவர் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கின்றது. முட்டு இருந்தமையாற் குழல் சில அங்குலமே இறங்கி நின்றது, பெருநாசம் தவிர்ந்தது. 1850இற் பாலம் திறக்கப்பட்டது. 1970இல் தீயினாற் சிதைந்தபின், அது வேறு வடிவிற் புதுக்கப்பட்டது.

எஞ்சியது 'திரவம்'. வாயுவை எளிதிற் சுருக்கலாம். திரவத்தைச் சுருக்குதல் மிக அரிது. மோட்டார் வண்டியின் நீரியல் பிறேக்கிற் காலால் மிதிக்கும் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்வது குழாயில் அடைபட்ட திரவமே. அதனுட் காற்றுக் குமிழி புகுமாயின், மிதிப்பு குமிழியைச் சுருக்குவதிற் கழியும், மிதி ஆழ்ந்து போகும், வண்டி நில்லாது. பிறேக்கிலிருந்து காற்றை வெளியேற்றும் தொழிலாளி இச்சொல்லின் பொருளை நம்மினும் நன்கறிவான்.

இவ்வளவையும் அம்மாணவனை அழைத்துச் சொன்னேன். மெனாய் விபத்தைக் கேட்டதும் நூலைத் திறந்து, அத்தொடரின்மேல் விரலை வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். பின்பு, "இதில் வீண்சொல் ஒன்றும் இல்லை, ஐயா" என்றான்.

சூத்திரத்துக்கு இலக்கணம் வகுத்தோர் நாடியதும் அதுவே. விஞ்ஞான வாக்கியங்களும் சூத்திரங்களே. உரையின்றி அவற்றைப் பிள்ளைகள்மேல் ஏற்றுதல், முட்டுக் கொடாது பாரத்தை உயர்த்துதலை ஒக்கும். அங்குலந்தோறும் முட்டுக் கொடுத்து உயர்த்துவது நம் கடமையாகும்.