ஐந்து தோட்டம், தொண்ணூறு அடி

வடாலா ரோடு ஸ்டேஷன் வாசலில் நின்று மஞ்சர்ஜி ஜோஷி பூங்கா எங்கே என்று கேட்டால் டாக்ஸிக்காரர் யோசிப்பார். ‘ஃபைவ் கார்டன்’ என்றால் மீட்டரைப் போட்டுவிடுவார்.

1896-ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. நெரிசலில் நோய் பரவுகிறது என்று 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டை அமைத்தார்கள். தாதர், மாதுங்கா, வடாலா பக்கம் காற்றும் வெளிச்சமும் புகும்படி தெருக்களை வரைந்தது அதுதான். அந்த டிரஸ்ட்டில் இன்ஜினீயராக இருந்த ஜோஷி, நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்காக 103 மனைகளைப் போராடிப் பெற்றார். அப்படி எழுந்த காலனி பார்சிகளுடையது, அதை ஒட்டிய ஐந்து தோட்டங்கள் மட்டும் யாருக்கும் சொந்தமாகவில்லை. விடியலில் நடைப்பயிற்சிக்காரர்கள், மாலையில் வி.ஜே.டி.ஐ., கால்சா கல்லூரிப் பிள்ளைகள் என்று பொழுதைப் பங்கு போட்டுக்கொண்டுவிட்டார்கள்.

மாதுங்காத் தமிழர்களுக்கு நடுமையம் கிங் சர்க்கிள். பலகையில் அது மகேஷ்வரி உத்யான். பேச்சில் மட்டும் ராஜா இன்னும் பதவி இறங்கவில்லை! நம் தி.நகர் பனகல் பார்க் மாதிரிதான், பூங்கா நடுவில் இருந்தாலும் கலகலப்பு விளிம்பில். ஞாயிறு காலை கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நடைபாதையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். டிகாஷன் வாசனைக்கு முன்னால் புல்வெளி எம்மாத்திரம்?

கொஞ்சம் தெற்கே, மேம்பாலத்துக்கு அடியில் வண்டிகள் வந்து அடைந்துவிடக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் விடாமல் முயன்று கேட்டதில் 2016-ல் ஒரு தோட்டம் திறந்தது. நர்மதை போல வளையும் நடைபாதை, தலைக்கு மேலே லாரிச் சத்தம். அதற்கும் காலையில் ஆள் வருகிறது.

இவை எல்லாம் யாரோ வரைந்து கொடுத்த இடங்கள். தாராவியில் அப்படி வரைந்து கொடுக்க ஒருவரும் வரவில்லை. அங்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பல தலைமுறையாக இருப்பவர்களுக்கு 90 அடி சாலைதான் ஊர்மந்தை. பெயரே அகலத்தைச் சொல்லிவிடுகிறது. அந்தப் பெயரில் எந்தத் தலைவரும் குறுக்கே வரவில்லை. மற்ற நாளில் கடைகளும் ஆட்டோக்களும் அடைத்துக்கொள்ளும் அந்தச் சாலையில், தைப்பொங்கலன்று பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பானை வைக்கிறார்கள். சாலையின் ஒரு முனையிலிருந்து பார்த்தால் புகையும் புதுச்சேலையும்தான் தெரியும். பேருந்துக்காரர்களுக்கு அன்று எரிச்சலாகத்தான் இருக்கும்.

தாராவியை இடித்துக் கட்டும் வேலை இப்போது பேச்சைத் தாண்டிவிட்டது. அடுக்குமாடிகள் எழும்போது இந்த அடுப்புகளுக்கு எத்தனை அடி விடப்போகிறார்கள்?