தொட்டி வந்தது, உள்ளிருப்பதை மாற்ற ஆள் வரவில்லை

தருமபுரி மாவட்டத்துக் காலனி ஒன்றில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தோம். சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொண்டார்கள். வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தோம். பல்லில் ஏறிய பழுப்புக் கறையை மறைக்கத்தான் அந்தக் கை. எதிர்த் திண்ணையில் இருந்த பெரியவரால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எங்களைப் பார்க்க உடம்போடு திரும்பினார்.

இரண்டுக்கும் காரணம், போர் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு. நிறமோ மணமோ கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. நீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர அளவீடு. நோய் புதிதல்ல. 1937இலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

"நிலத்தடி நீருக்குச் சாதி தெரியுமா தோழர்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நீருக்குத் தெரியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள நீரை நிழலில் இருப்பவர் நாளைக்கு 2 லிட்டர் குடித்தால் 6 மில்லிகிராம் உடம்பில் சேரும். வெயிலில் களையெடுக்கும் கூலிப் பெண் 4 லிட்டர் குடிப்பார், அவருக்கு 12. ஊர்க்காரர் கேன் தண்ணீருக்கு மாறிவிடலாம். கூலியில் அடுப்பெரிப்பவர் அடிபம்புக்குத்தான் போவார். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது பெரிய ஆறுதல்தான். ஆற்று நீர் வராத நாளில் குடம் மறுபடி போருக்கே போகிறது.

ஃபுளோரைடை நீக்க விலையுயர்ந்த எந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறைக்குப் படிகாரமும் சுண்ணாம்பும் போதும். நீரில் அளவாகக் கலந்து கிளறி, தெளிய விட்டு, மேல்நீரை வடித்துக்கொள்ள வேண்டும். அந்த அளவு நீருக்கு நீர் மாறும். கைக்கு வந்தபடி போட்டால் அலுமினியம் தங்கிவிடும். செம்புராங்கல்லும் சூளையில் சுட்ட செங்கல் துண்டும் ஃபுளோரைடைப் பிடிக்கும். அவற்றிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் செய்யும் வேலை அது. இலங்கையின் வறள் மண்டலத்தில் செங்கல் துண்டு வடிகட்டிகளை வீடுகளில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் தான்சானியாவும் கென்யாவும் மாட்டெலும்புக் கரியைப் பயன்படுத்தின. இங்கே அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். செத்த மாட்டை நம்மைத் தூக்கச் சொன்ன ஊர், அதன் கரியில் வடிந்த நீரைத் தீட்டு என்னும். அந்த எலும்பைப் பொறுக்கும் வேலைக்கு நம் பிள்ளைகளைத் திரும்ப அனுப்பவும் எங்களுக்கு மனமில்லை.

பொருள் மலிவு. அதைப் பராமரிக்கத்தான் ஆள் இல்லை. அந்தக் காலனிக்கு ஒரு தொண்டு அமைப்பு அலுமினா வடிகட்டித் தொட்டி வைத்துக் கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். அலுமினா குறிப்பிட்ட அளவு ஃபுளோரைடைத்தான் பிடிக்கும். நிறைந்துவிட்டால் காஸ்டிக் சோடாவாலும் பிறகு நீர்த்த அமிலத்தாலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். செங்கல்லுக்கும் செம்புராங்கல்லுக்கும் இதே கதைதான், இன்னும் சீக்கிரம் நிறையும். நிறைந்தது கண்ணுக்குத் தெரியாது. குழாயில் அதே தெளிந்த நீர் கொட்டும். கழுவ யாரும் வரவில்லை. வடிகட்டிய நீர் என்று நம்பி ஜனங்கள் குடித்துக்கொண்டே இருந்தார்கள்.

பிள்ளைகள்தான் கண்டுபிடித்தார்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு 5 பெண்களுக்கு நீர் பரிசோதிக்கப் பயிற்சி தர வேண்டும். அப்படிப் பயிற்சி பெற்ற அக்காவின் பரிசோதனைப் பெட்டியை வாங்கி வந்து, போர் நீரை ஒரு குழாயிலும் வடிகட்டிய நீரை இன்னொன்றிலும் பிடித்து மருந்து விட்டார்கள். இரண்டும் ஒரே நிறம்.

உங்கள் ஊரில் அந்த 5 பேர் யார் என்று ஊராட்சியில் கேளுங்கள். காலனிப் பெண் ஒருவராவது இருக்கிறாரா, காலனித் தொட்டியின் நீர் கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்றும் கேளுங்கள். வடிகட்டி வைக்க வருபவரிடம், கையெழுத்துப் போடும் முன்பே, உள்ளிருப்பதை மாற்றுபவர் யார், செலவு யாருடையது, எடுத்துப்போட்ட கழிவு எங்கே போகும் என்று எழுதி வாங்குங்கள்.

அந்தப் பிள்ளைகள் இப்போது மாதம் ஒருமுறை பரிசோதித்து, தேதியையும் அளவையும் தொட்டிச் சுவரில் சாக்பீஸால் எழுதுகிறார்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபைக்கு அந்தக் கணக்கை நோட்டில் படியெடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். நாங்களும் கூடப் போகிறோம்.