எங்கும்

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் குமணன்சாவடியும் கரையான்சாவடியும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். இன்று அவ்வூர்களில் பேருந்துக்கு நிற்போர் கையிலும் பூ விற்போர் கையிலும் கைப்பேசி உண்டு. இதனைக் காணும் இளைஞர் ஒருவர், “கைப்பேசி யுபிக்விட்டஸ் ஆகிவிட்டது” என்று கூறுவதாகக் கொள்க. கைப்பேசியை நாள்தோறும் ஆளும் பூக்காரிக்கு அவர் கூற்று விளங்குமோ? தன்னைப் பற்றிய பேச்சே தனக்கு விளங்காமற் போவது சிறு குறையன்று.

அவ்வாங்கிலச் சொல்லுக்கு ‘எவ்விடத்தும் உள்ளது’ என்பது பொருள். அதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அம்மொழியில் ‘உபி’ என்பது ‘எங்கு’ என்னும் வினா. ‘க்வே’ என்பது சொல்லின் ஈற்றில் வரும் இடைச்சொல். இரு பெயர்களை இணைத்தற்கும் அவ்விடைச்சொல் பயன்படும். இரண்டும் சேர்ந்த ‘உபிக்வே’ என்பதற்கு ‘எங்கும்’ என்பதே பொருள்.

தமிழிலும் ‘எங்கு’ என்னும் வினாவோடு ‘உம்’ சேரவே ‘எங்கும்’ பிறக்கின்றது. ‘குமணன்சாவடியும் கரையான்சாவடியும்’ என்னுமிடத்து எண்ணும்மையாய் நிற்கும் அவ்விடைச்சொல்லே ஈண்டு முற்றும்மை ஆகின்றது. உம்மைக்கு எட்டுப் பொருள் கூறும் நன்னூல் இவ்விரண்டையும் அவற்றுள் அடக்கும். இவ்வொப்புமை கொண்டு ஒரு மொழி மற்றொன்றின் சேய் என்று முழங்குதல் வேண்டா. அது புலமைக்கு அழகன்று. ஆயினும், கையிலுள்ள அமைப்பையே கடலுக்கு அப்பாலிருந்து கடன் கொள்வானேன்?

‘எங்கும்’ ஒன்றே எல்லா இடத்திற்கும் பொருந்தும் என்பதும் இல்லை. ‘கரையான்சாவடி எங்கும் தேநீர்க் கடைகள்’ என்றால் ஊரின் பரப்பு முழுவதும் கண்முன் தோன்றும். ‘தெருத்தோறும் தேநீர்க் கடை’ என்றாலோ, கூறுவோர் தெருக்களை ஒவ்வொன்றாக எண்ணியவர் ஆகின்றார். கடையில்லாத் தெரு ஒன்று இருப்பினும் அவர் கூற்றுப் பிழையாம். ‘பட்டிதொட்டியெங்கும்’ என்பது சிற்றூர்கள் பலவற்றையும் தழுவுவது. ஓர் ஊரை மட்டும் குறித்து அதனை ஆளுதல் கூடாது. அதற்கு ‘மூலைமுடுக்கெல்லாம்’ உண்டு.

‘தூணிலும் துரும்பிலும்’ என்னும் தொடர், இறைவன் எங்குளன் என வினவிய இரணியனுக்குப் பிரகலாதன் அளித்த விடையை நினைவூட்டுவது. கைப்பேசிக்கு அதனை ஆளின் நகை தோன்றும். நகையே கருத்தாயின் அதனினும் பொருந்திய தொடர் கிடைத்தல் அரிது.